பன்னிரண்டு புது ஆட்கள்

மார்ச் 9

அன்புள்ள அக்கா,

நீயும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பதற்கு முன்னால், நான் உயிரோடுதான் இருக்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். இரண்டு மாதமாகக் கடிதம் இல்லை என்று அங்கே என்னைத் திட்டித் தீர்த்திருப்பாய். தலைக்கு மேல் வேலை. உனக்குக் காது நன்றாக இருந்த காலத்தில் போனில் ஐந்தே நிமிடத்தில் எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன். போன் திரையில் எழுதி அனுப்பினால் எழுத்து கண்ணைக் குத்துகிறது என்கிறாய். ஆகவே இந்தக் கை நோகிறது. பரவாயில்லை, உன் வீட்டில் இரண்டு வருஷம் உட்கார்ந்து சாப்பிட்டதற்கு இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி?

"என்ன வேலைடி அது" என்று கேட்டிருந்தாய். ஆள் பிடிக்கிற வேலை. சிரிக்காதே. ஒரு கம்பெனி ஏதோ ஒரு பொருளைச் செய்கிறது, டிக்கெட் கொடுக்கும் இயந்திரம், துணி துவைக்கும் இயந்திரம், ஏதாவது. கடைக்குப் போவதற்கு முன் அதை இதுவரை கண்ணால்கூடப் பார்க்காத சாதாரண ஜனங்கள் கையில் கொடுத்து, எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். அதற்கு ஓர் அறை உண்டு. ஒரு மேசை, ஒரு நாற்காலி, கைகளை மட்டும் படம் பிடிக்கும் கேமரா. முகம் பதியக் கூடாது, அது வந்தவர்களின் அந்தரங்கமாம். ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. அந்தப் பக்கம் பொருளைச் செய்தவர்கள் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார்கள். அந்த நாற்காலிக்கு ஆள் கொண்டுவருவது நான்.

கேட்க எளிது. பத்துப் பேர் வருகிறேன் என்பார்கள், நான்கு பேர் வருவார்கள். மீதிப் பேருக்கு அன்றைக்கென்று பார்த்து வயிற்றுவலி. ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் மட்டும் கூப்பிட்ட நேரத்துக்கு டாண் என்று வந்து நிற்பார். அவருக்கு வீட்டில் பேச்சுத்துணை இல்லை. "உனக்காகத்தாம்மா வரேன், அந்தப் பிஸ்கட்டுக்கு இல்ல" என்பார், பிஸ்கட்டைத் தின்றுகொண்டே. ஆனால் ஒருமுறை உட்கார்ந்தவர் ஆறு மாதத்துக்கு மறுபடி உட்காரக் கூடாது என்று ஒரு விதி. அந்த விதிதான் என் தொண்டையில் மாட்டிய முள்.

அத்தானின் நெஞ்சுவலி எப்படி இருக்கிறது? மறைக்காமல் எழுது.

உன் சின்னவள்


மார்ச் 24

அடியே சின்னவளே,

கடிதம் வந்தது. உன் கையெழுத்து இன்னும் கோழி கிளறியதுபோலத்தான் இருக்கிறது, நலமாக இருக்கிறாய் என்று அதிலேயே தெரிந்துகொண்டேன். என் முட்டி ஒரு நாள் நான் சொல்வதைக் கேட்கிறது, ஒரு நாள் கேட்பதில்லை.

மறைக்காமல் எழுது என்றாயே, எழுதுகிறேன். உன் அத்தானுக்கு நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இதயம் பலூன்போல ஊதிப் பலம் இழந்துவிட்டதாம். அறுவை சிகிச்சை செய்தால் பிழைத்துக்கொள்வார் என்கிறார்கள். ஆனால் வரிசையில் முறை வர வேண்டும். அதுவரை இழுத்துப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான் நம் கையில் இருப்பது. முப்பது வருஷம் பஸ் இஞ்சின்களைப் பிரித்து மாட்டிய மனுஷர், "என் இஞ்சினைப் பிரிக்க மட்டும் ஒருத்தனும் வர மாட்டேங்கிறான்" என்று படுத்தபடி சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

காதில் மாட்டும் கருவியை அலமாரிக்குள் போட்டுவிட்டேன். பேச்சைத் தவிர எல்லாவற்றையும் பெரிசாக்கிக் கொடுக்கிறது. யார் பேசினாலும் வாயைப் பார்த்துப் புரிந்துகொள்கிறேன். முதுகைக் காட்டிப் பேசுகிறவர்களோடு எனக்கு உறவு அறுந்துவிட்டது.

ஒன்று புரியவில்லை. கண்டக்டர் ஆசையாக வருகிறார் என்றால் வரட்டுமே, அவரை ஏன் தடுக்கிறாய்?

அக்கா


ஏப்ரல் 11

அக்காவுக்கு,

அத்தானுக்கு வரிசை சீக்கிரம் நகர வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். இங்கே எனக்கு இடுப்பு வலியைத் தவிர குறை ஒன்றும் இல்லை.

ஏன் தடுக்கிறேன் என்று கேட்டாய். ஒருவர் ஒரு பொருளில் முதல் தடவைதான் உண்மையாகத் தடுமாற முடியும். இரண்டாம் தடவை கைக்கு வழி தெரிந்துவிடும். வழி தெரிந்த கையை வைத்து, பொருள் நன்றாக இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? கண்டக்டரோ நடிக்க வேறு செய்வார். "அடடா, இது என்ன புதுசா இருக்கே" என்று பொத்தானைச் சுற்றி விரலைச் சுழற்றிவிட்டு, சரியான இடத்தில் வைப்பார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் ஏமாந்துபோவார்கள்.

போன வாரம் ஒரு பெட்டிக்குச் சோதனை நடந்தது. என்ன பெட்டி என்று சொல்லக் கூடாது, கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். பன்னிரண்டு பேரை உட்கார வைத்தோம். எட்டுப் பேர் ஒரே இடத்தில் கோட்டைவிட்டார்கள். வேலை முடியாமலே முடிந்துவிட்டது என்று கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்கள். பெட்டியைச் செய்தவர்களின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! இப்போது அதில் ஒரு சத்தம் சேர்க்கப் போகிறார்களாம். மறந்தவருக்கு நினைவூட்டுமாம். அது வேலை செய்கிறதா என்று பார்க்கப் பன்னிரண்டு புது ஆட்கள் வேண்டும். ஐம்பது வயசுக்கு மேல், வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்கள், அதில் இரண்டு பேருக்குக் காது மந்தமாக இருக்க வேண்டும். பத்து நாளுக்குள். நான் எங்கே போவேன்?

உன்னையே கூட்டிவந்து உட்கார வைத்திருப்பேன். குடும்பத்தார் கூடாது என்று அதற்கும் ஒரு விதி. இந்தச் சோதனையை ஒழுங்காக முடித்தால் அக்டோபரில் என்னை நிரந்தரமாக்குவதாக மேனேஜர் சொல்லியிருக்கிறார். என் வயசுக்கு இன்னொரு வேலை தேட எனக்குத் தெம்பு இல்லை.

சின்னவள்


ஏப்ரல் 30

சின்னவளே,

உன் இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. எழுத நேரமில்லை. அவரை மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். கால் இரண்டும் வீங்கிவிட்டன. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். நர்ஸ் வந்து என் தோளைத் தட்டித்தான் கூப்பிட வேண்டியிருக்கிறது.

பன்னிரண்டு பேர் கிடைத்தார்களா? காது மந்தமான இருவரை எங்கே பிடித்தாய் என்று அவர் கேட்கச் சொன்னார். "உங்க அக்கா மாதிரி இன்னும் ரெண்டு பேரா, அந்த அறை தாங்காது" என்கிறார். இந்த நிலைமையிலும் வாய்.

அக்கா


மே 19

அன்புள்ள அக்கா,

அத்தான் வார்டில் இருக்கிறார் என்று படித்ததிலிருந்து எனக்கு நிலைகொள்ளவில்லை. கால் வீக்கம் வடிந்ததா? நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

இங்கே வேலை நல்லபடியாக முடிந்தது. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டும் முதல் முயற்சியிலேயே சரி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை தட்டினார்களாம். மேனேஜர் எல்லோருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தார். ஆட்கள் எப்படியோ கிடைத்துவிட்டார்கள். கண்டக்டரும் வந்திருந்தார், கையைக் காதுக்குப் பின்னால் வைத்து "என்னம்மா சொன்னே, என்னம்மா சொன்னே" என்று என்னைச் சிரிக்க வைத்தார்.

மாடிக்குப் புதுக் குடித்தனம் வந்திருக்கிறது. காலையிலிருந்து ஆணி அடிக்கிறார்கள். எனக்கு உன் காது இருந்தால் தேவலை.

சின்னவள்


ஜூலை 2

என் சின்னவளுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? கொஞ்ச நாளாக உன் கடிதத்தில் பேச்சு குறைந்துவிட்டது.

இங்கே நல்ல செய்தி. அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். செப்டம்பர் இருபதாம் தேதி அறுவை சிகிச்சை என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள். அதுவரை மருந்து ஒரு நிமிஷமும் நிற்காமல் ரத்தத்தில் ஏறிக்கொண்டே இருக்க வேண்டுமாம். அதற்காக ஒரு பெட்டி கொடுத்திருக்கிறார்கள். செங்கல் அளவு, வெள்ளை நிறம், தோளில் மாட்டிக்கொள்ள ஒரு கறுப்புப் பை. சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்று பொத்தான், ஒரு சின்னத் திரை. தினமும் காலை பதினோரு மணிக்கு மருந்துப் பையை மாற்ற வேண்டும். இப்போதைக்கு ஒரு நர்ஸ் பெண் வந்து மாற்றிவிட்டுப் போகிறாள். தங்கமான பெண், என் முகத்தைப் பார்த்துத்தான் பேசுகிறாள்.

பெட்டி வந்த பிறகு உன் அத்தான் நேற்று தெருமுனை வரை நடந்தார். பாதி வழியில் நின்று, ஒரு பழைய பஸ்ஸின் இஞ்சின் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "இதுக்கும் என் வியாதிதான்" என்றார். நான் தெருவிலேயே அழுதுவிட்டேன், சந்தோஷத்தில்.

அக்கா


ஜூலை 27

அக்காவுக்கு,

பதில் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே. காய்ச்சல் வந்து படுத்துவிட்டேன். இப்போது சரியாகிவிட்டது. அத்தான் தெருமுனை வரை நடந்தார் என்ற வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

அந்தப் பெட்டியைப் பற்றிக் கேட்கிறேன், வேறொன்றும் இல்லை. திரையின் வலது மூலையில் ஒரு சின்னத் துளிப் படம் இருக்கிறதா? பச்சைப் பொத்தானைச் சுற்றி ஒரு வளையம் எரியுமா? நர்ஸ் இன்னும் எத்தனை நாள் வருவாள்? அவள் கடைசி வரை வந்தால் நல்லது. செப்டம்பர் வரை வரச் சொல்லிக் கேட்டுப் பார்க்கிறாயா? கெஞ்சியாவது கேள்.

சின்னவள்


ஆகஸ்ட் 5

சின்னவளே,

காய்ச்சலோடு யார் உனக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தது? என்னிடம் சொன்னால்தான் என்ன?

துளிப் படம் இருக்கிறது. பச்சை வளையமும் இருக்கிறது. நீ பக்கத்தில் நின்று பார்த்ததுபோல எழுதியிருக்கிறாயே, உனக்கு எப்படித் தெரியும்? அவரும் அதையேதான் கேட்டார்.

நர்ஸைக் கேட்டேன். அவளுக்கு இந்த வட்டாரத்தில் பதினைந்து வீடு. ஆகஸ்ட் இருபதோடு நிறுத்திவிடுவார்களாம். பிறகு வீட்டு ஆட்களே மாற்ற வேண்டும், அதுதான் ஏற்பாடு. "ரொம்ப ஈஸிம்மா, பையை மாட்டி பச்சையை அழுத்தினா ஓடும்" என்கிறாள். கூடவே ஒரு புத்தகம் கொடுத்திருக்கிறார்கள், எழுத்தெல்லாம் எறும்பு வரிசை. எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது. அவரிடம் காட்டிக்கொள்ளவில்லை.

அக்கா


ஆகஸ்ட் 14

அன்புள்ள அக்கா,

உடம்பு தேறிவிட்டது. நீ எனக்காகக் கவலைப்படாதே.

அந்த மாதிரிப் பெட்டியின் படத்தை ஏதோ ஒரு பத்திரிகையில் பார்த்த ஞாபகம். அதனால்தான் கேட்டேன்.

பயப்படாதே. எதையும் அவசரப்பட்டுச் செய்யாதே. நர்ஸ் இருக்கும்போதே, அவள் கண் முன்னால், நாலு தடவையாவது உன் கையால் மாற்றிப் பழகிக்கொள். அவள் சரி என்று சொன்ன பிறகு தனியாகச் செய். கவனமாக இரு. இதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அத்தானுக்கு என் அன்பு.

சின்னவள்


செப்டம்பர் 6

சின்னவளே,

காரியத்துக்கு வந்து இரண்டு நாள் இருந்தாய். இரண்டு நாளும் நீ என் முகத்தைப் பார்க்கவே இல்லை. எதிரே உட்கார்ந்தாலும் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினாய், அதனால் நீ சொன்னது எதுவும் எனக்குப் புரியவில்லை. சாப்பிடாமலேயே பஸ் ஏறினாய். உனக்கு உடம்பு சரியில்லையா என்று இப்போதாவது எழுது.

வீடு நிறைய ஆட்கள் இருந்தபோது எனக்கு வாய் வரவில்லை. இப்போது சொல்கிறேன். உன் அத்தானைக் கொன்றது நான்.

நீ எழுதியபடியே நர்ஸ் முன்னால் நாலு தடவை மாற்றினேன். நாலு தடவையும் பையை மாட்டினேன், பச்சையை அழுத்தினேன், பச்சை வளையம் எரிந்தது, திரையில் "தயார்" என்று வந்தது. நர்ஸ் சிரித்து, "சூப்பர்ம்மா" என்று பெட்டியைக் கையில் வாங்கிக் கறுப்புப் பைக்குள் வைப்பாள். ஐந்தாம் தடவை நானே தனியாகச் செய்தேன். அதே பச்சை, அதே "தயார்". பெட்டியைப் பைக்குள் வைத்து, அவருக்குப் போர்த்திவிட்டு, துணி துவைக்கப் பின்பக்கம் போனேன். தூங்குகிறார் என்றுதான் நினைத்தேன். நாலு மணிக்கு டீயோடு வந்து பார்த்தபோது உதடு நீலமாக இருந்தது.

ஐந்து மணி நேரம் ஒரு சொட்டு மருந்துகூட ஏறவில்லை. "தயார்" என்றால் ஓடுகிறது என்று அர்த்தம் இல்லையாம். இன்னொரு தடவை அழுத்திப் பிடித்தால்தான் ஓடுமாம், அப்போதுதான் அந்தத் துளிப் படம் நகருமாம். நர்ஸ் பெட்டியை வாங்கும்போதே கட்டை விரலால் அதைச் செய்திருக்கிறாள், பழக்கத்தில், எனக்குச் சொல்ல வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பாவம், அவளை நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். பெட்டிக்குள் எல்லாம் பதிவாகுமாம். அவர் அசந்து தூங்கியபோது மூன்று தடவை சத்தம் கொடுத்து என்னைக் கூப்பிட்டிருக்கிறது. பக்கத்திலேயே நின்றிருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது. நான் சண்டை போட்டேன். காது கேட்காதவள் வீட்டுக்கு ஏன் இதைக் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். அவர் ஒரு தாளைக் காட்டினார், கோபமாக இல்லை, பொறுமையாகத்தான். "இதுவரைக்கும் இதைப் பார்க்காத பன்னிரண்டு பேர் கையில குடுத்துப் பார்த்திருக்காங்கம்மா. பன்னிரண்டு பேரும் முதல் தடவையே சரியா செஞ்சிருக்காங்க. அதுல ரெண்டு பேருக்குக் காது மந்தம்" என்றார். தாளில் அப்படித்தான் அச்சடித்திருக்கிறது, நானே படித்தேன்.

அப்படியானால் எல்லாராலும் முடிந்திருக்கிறது. என்னைப்போலக் காது போனவர்களாலும் முடிந்திருக்கிறது. நான் ஒருத்திதான் முட்டாள். நாற்பது வருஷம் என்னை நம்பிய மனுஷரை ஒரு பொத்தானில் கோட்டைவிட்டேன். அறுவை சிகிச்சைக்கு இன்னும் முப்பதே நாள்தான் இருந்தது.

நீ அந்த மாதிரி அறையில்தானே வேலை பார்க்கிறாய்? அந்தப் பன்னிரண்டு பேர் என்னதான் செய்தார்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும். என்னிடம் இல்லாத எந்த அறிவு அவர்களிடம் இருந்தது? கேட்டுச் சொல்.

அக்கா


செப்டம்பர் 29

அக்கா,

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. இந்தக் கடிதத்தை ஆறு தடவை எழுதிக் கிழித்தேன்.

அந்தப் பன்னிரண்டு பேரைக் கொண்டுவந்தவள் நான்தான். அது நாங்கள் சோதித்த பெட்டி. ஜூலையில் நீ மூன்று பொத்தான் என்று எழுதியபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்குக் காய்ச்சல் எதுவும் வரவில்லை.

அவர்கள் புது ஆட்கள் இல்லை அக்கா. பதினோரு பேர் முதல் சுற்றில் வந்த அதே ஆட்கள். ஒவ்வொரு சோதனையும் முடிந்ததும், வந்தவர் மனசு நோகாமல் இருக்க, "சரியான வழி இதுதான்" என்று செய்து காட்டித்தான் அனுப்புவோம். ஆகவே பதினோரு பேருக்கும் விடை தெரியும். பத்து நாளில் ஆள் கிடைக்கவில்லை. "பழைய லிஸ்ட்ல இருந்தே எடு, பேரை மாத்திக்கோ, கேமராவுல கைதானே தெரியும்" என்றார் மேனேஜர். அறையில் கேள்வி கேட்கிற பெண்ணும், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்தவர்களும் அந்த முறை புதுசு, அவர்களுக்கு யாரையும் அடையாளம் தெரியாது. படிவங்களை நிரப்பியது நான். பெட்டியில் சேர்த்த சத்தம் வருவதற்கு முன்பே எல்லோரும் இரண்டாம் தடவை அழுத்திவிட்டார்கள். "பார்த்தீங்களா, சத்தமே தேவைப்படலை" என்று எல்லோரும் மகிழ்ந்தார்கள்.

ஒரே ஒருத்தி உண்மையிலேயே புதியவள். பள்ளிக்கூடத்தில் பெருக்குகிற பெண், மாமியாரைப் பார்த்துக்கொள்கிறவள். அவள் பச்சையை அழுத்தினாள், "தயார்" என்றதும் "அவ்வளவுதானே" என்று எழுந்தாள். சத்தம் வந்தபோது அது மேசை மேல் இருந்த போன் என்று நினைத்தாள். அவளுக்குக் கண் பார்வை சரியில்லை, கணக்கில் சேர்க்கக் கூடாது என்று எழுதி நீக்கினேன். அவளுக்குப் பார்வை நன்றாகவே இருந்தது. அவளுக்குப் பதிலாக இன்னொருத்தியை, வாசலில் நிற்க வைத்தே விடையைச் சொல்லி, உள்ளே அனுப்பினேன்.

காது மந்தம் என்று எழுதிய இருவரில் ஒருவர் கண்டக்டர். எப்படி நடிக்க வேண்டும் என்று நான்தான் சொல்லிக் கொடுத்தேன். பேசுகிறவர் வாயை நீ உற்றுப் பார்ப்பதையும், இடது பக்கமாகத் தலையைச் சாய்ப்பதையும். உன்னைப் பார்த்துக் கற்றது.

உன்னிடம் இல்லாத அறிவு அவர்களிடம் எதுவும் இல்லை. முதல் தடவை வந்தபோது அவர்களில் எட்டுப் பேர் நீ செய்ததையேதான் செய்தார்கள்.

ஆகஸ்டில் உனக்குச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். சொன்னால் எப்படித் தெரியும் என்று அத்தான் கேட்பார், ஆஸ்பத்திரி கேட்கும், கம்பெனி கேட்கும். அக்டோபர் ஒன்றாம் தேதி என்னை நிரந்தரமாக்குகிறார்கள். நர்ஸ் பார்த்துக்கொள்வாள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். இதைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிடு. வேறு யாரும் பார்த்துவிட்டால் என் வாழ்க்கை முடிந்தது.

சின்னவள்


அக்டோபர் 8

நீ எழுதியதை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை படித்தபோது, என் கை செய்த பாவம் இல்லை இது என்று ஒரு கணம் நெஞ்சு லேசாகிவிட்டது. அதற்காக என்மேலேயே எனக்கு வெறுப்பு வந்தது. இரண்டாம் தடவை உன்மேல். மூன்றாம் தடவை படிக்கும்போது, மற்ற வீடுகளில் இருக்கும் பெட்டிகளை நீ ஒரு வரியில்கூட நினைக்கவில்லை என்பதைப் பார்த்தேன்.

நான் கிழிக்கவில்லை. பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய், அந்த அதிகாரியின் மேசைமேல் உன் கடிதத்தை வைத்தேன். அவர் படித்து முடிக்கும்வரை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பத்தொரு வீடுகளில் இந்தப் பெட்டி இருக்கிறதாம். நம் வீட்டுக்கு வந்த நர்ஸைக் கூப்பிட்டு உட்கார வைத்து, ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போடச் சொன்னார். நான் அவளுக்கு எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டேன். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை.

ஒவ்வொரு போன் முடிந்ததும் எனக்காக ஒரு தாளில் எழுதிக் காட்டினாள். ஓடுகிறது. ஓடுகிறது. போனை எடுக்கவில்லை, ஆள் அனுப்புகிறோம். ஓடுகிறது. பதினேழாவது வீட்டுக்குப் பேசும்போது அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். நான் அவள் வாயைப் பார்த்தேன்.

"தயார்னு போட்டிருக்கா? பச்சை எரியுதா? பயப்படாதீங்க. அதே பொத்தானை இன்னொரு தடவை அழுத்திப் பிடிங்க. விடாதீங்க. துளி நகருதா பாருங்க. நகருதா?"

அவள் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. பிறகு பேனாவை எடுத்து எழுதினாள்: ஓடுகிறது. யார் வீடு என்று நான் கேட்கவில்லை. யாரோ ஒருத்தி, யாருக்கோ அக்கா, பையை மாட்டிவிட்டு வேறு வேலை பார்க்கப் போயிருக்கிறாள்.

உன்னை விசாரிக்க ஆட்கள் வருவார்கள். கேட்டதற்கு உண்மையைச் சொல். உன்னை மன்னிக்க முடிகிறதா என்று என்னைக் கேட்காதே, எனக்கே தெரியவில்லை. நீ என் தங்கை என்பது போய்விடாது, அதுதான் என் கஷ்டம்.

நர்ஸ் அந்தப் பெண்ணுக்குச் சொல்லி முடிக்க அரை நிமிஷம்கூட ஆகவில்லை. எழுதினால் ஒரே வரி. எனக்கு இரண்டு கடிதம் எழுதினாய், பயப்படாதே என்றாய், கவனமாக இரு என்றாய், அந்த ஒரு வரியை எழுத உனக்குக் கை வரவில்லை.